காரில் பேசியது காரிலேயே

ஒன்பது வருடம் நானும் வஜீஹும் ஊர் ஊராகப் போய்ச் சண்டை போட்டோம். பள்ளிக்கூடம், நூலகம், கிப்புத்ஸ் என்கிற கூட்டுப் பண்ணைகளின் சாப்பாட்டுக் கூடம் என்று யார் கூப்பிட்டாலும் போவோம். மேடையில் இரண்டு நாற்காலி, நடுவில் தண்ணீர் பாட்டில், ஓரத்தில் எங்களை அழைத்துப் போகும் ஸ்மதார் என்கிற அம்மாள். அவள் கையில் முட்டை வேகவைக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்கிற சின்னக் கடிகாரம். ஆளுக்கு மூன்று நிமிடம். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: 'இஸ்ரேலியருக்கும் பாலஸ்தீனியருக்கும் நடுவே அமைதி வர இன்னும் வழி இருக்கிறதா?' பேச்சு தொடங்குமுன் ஒரு தடவை, முடிந்த பிறகு ஒரு தடவை, யார் சொல்வது சரி என்று கூட்டத்தைக் கை தூக்கச் சொல்வாள். கடைசியில் யார் பக்கம் கை கூடியிருக்கிறதோ அவர் அன்றைக்கு ஜெயித்தவர்.

நிலத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு நாடாக வாழலாம், விரட்டப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கலாம், ஆனால் பழைய வீட்டுக்கே திரும்புவது நடக்காது என்பது என் கட்சி. எல்லாரும் சம உரிமையோடு ஒரே நாட்டில் வாழ வேண்டும், விரட்டப்பட்டவர்களுக்குத் திரும்பும் உரிமை வேண்டும் என்பது வஜீஹின் கட்சி. இரண்டு பேரும் நம்பித்தான் பேசினோம். காசுக்குக் கூத்தாடினோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் மெனாஷே. ஹைஃபாவில் முப்பது வருடம் வரலாறு சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன். பாக்தாதிலிருந்து வந்த யூதப் பெண்ணான என் அம்மா அரபியில் திட்டித்தான் என்னை வளர்த்தாள், அதனால் அரபி வரும். வஜீஹ் அதே ஹைஃபாவில் கீழ்த் தெருவில் மருந்துக் கடை வைத்திருந்தார். மருந்துக் கடைக்காரரை டாக்டர் என்று கூப்பிடுவது எங்கள் ஊர் அரபிகளின் வழக்கம். நானும் அப்படியே கூப்பிடுவேன். அவர் என்னை வாத்தியாரே என்பார்.

எங்கே போனாலும் என் காரில்தான் போவோம். முதல் நாளே வஜீஹ் ஒரு சட்டம் போட்டார்.

"இந்தா பாரு வாத்தியாரே, கார்ல பேசுனது கார்லயே. மேடையில பேசுனது மேடையிலயே. ரெண்டையும் கலந்தா நான் பஸ்ல போயிக்கறேன்."

"பஸ்ல வந்தா உன் கட்சி ரெண்டு மணி நேரம் லேட்டாத்தான் ஜெயிக்கும் டாக்டர்," என்றேன்.

இரண்டு இருக்கைக்கும் நடுவே ஒரு பொட்டலம் வறுத்த சூரியகாந்தி விதை, தோல் போட ஒரு பழைய ஆலிவ் டின். கொறித்துக்கொண்டே போவோம். காரில் பேசாத விஷயம் கிடையாது. அவருடைய சர்க்கரை, என் மனைவி ஓர்னாவின் முழங்கால், அவர் மூத்த மகள் லமீஸ் யாரோ ஒரு சாப்பாட்டுக் கடைக்காரனைக் காதலிப்பது எல்லாம் வரும். என் மகன் யோதாம் பெர்லினுக்குப் போய் ஐந்து வருடம் ஆனதையும், அங்கேயே வீடு வாங்கிவிட்டதையும், 'அந்தச் சண்டைக்கு நான் திரும்ப வரமாட்டேன்பா' என்று போனில் சொன்னதையும் நான் அந்தக் காரில்தான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னேன். கூடப் பிறந்த தம்பிக்குக் கூடச் சொல்லவில்லை. மேடையில் என் மூன்று நிமிடம் எப்போதும் ஒரே வரியில்தான் முடியும்: 'என் மகனுக்குப் போக வேறு மண் கிடையாது.' அந்த வரிக்குக் கை தட்டாத ஊர் இல்லை. வஜீஹ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். ஒரு நாளும் முகத்தில் ஒரு கோடு அசைந்ததில்லை.

ஒரு தடவை அஃபூலாவில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஸ்மதார் கையைப் பிசைந்தாள். "நானே ரெண்டு பக்கமும் பேசிடறேன்" என்று எழுந்தேன். என் மூன்று நிமிடத்தைப் பேசிவிட்டு, நாற்காலி மாறி உட்கார்ந்து, அவருடைய மூன்று நிமிடத்தையும் பேசினேன். அவர் அப்பாவுடைய கதை, அவர் ஊருடைய கிணறு, எல்லாம் எனக்கு மனப்பாடம். அன்று அவர் பக்கம்தான் கை அதிகம். திரும்பும்போது வஜீஹ், தொண்டை போனாலும் சிரிப்பு போகாமல், "என்னை விட நீ நல்லா அழற வாத்தியாரே" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவருடைய கதை என்னுடையதும்தான் என்கிற நினைப்பு அன்றைக்கே எனக்குள் வந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

அவர் ஊர் கஃப்ர் லோஸ். அவர் பிறப்பதற்கு முன்பே, இஸ்ரேல் உருவான நாற்பத்தெட்டுப் போரில், எங்கள் படை ஊர்க்காரர்களை விரட்டிவிட்டு வீடுகளை இடித்துவிட்டது. அவருடைய அப்பா அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஷஃபா அம்ரில் ஒரு வாடகை வீட்டிலேயே வாழ்ந்து செத்தார். நாட்டை விட்டுப் போனவர் இல்லை, கையில் இந்த நாட்டு அடையாள அட்டை வைத்திருந்தவர். ஆனாலும் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்டிப் போய்த் தன் வீட்டில் படுக்க அவருக்கு அனுமதி இல்லை. ஊர் இருந்த இடத்தில் இப்போது பைன் மரக் காடு. வனத்துறை போட்ட மர மேசைகள்.

அந்த இடம் எது என்று அவர் வழி சொன்ன நாளில் நான் காரை ஓரங்கட்டிவிட்டேன். "அட, அங்கதானே நாங்க வருஷா வருஷம் சுதந்திர நாளுக்குக் கறி சுடப் போவோம். கெணத்துப் பக்கத்துல நல்ல நிழல்."

"கெணத்துக்கு எந்தப் பக்கம்?"

"மேல் பக்கம். ஒரு பாதி சுவர் இருக்கும்ல."

வஜீஹ் விதையை மென்றபடி சொன்னார்: "எங்க வீட்டுக் கூடம் அது. எங்க கூடத்துல உக்காந்துதான் இத்தன வருஷமா கறி தின்னிருக்க. உப்பு சரியா இருந்துச்சா?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு நாங்கள் கறி சுட வேறு இடத்துக்குப் போனோம். ஓர்னா ஏன் என்று கேட்டதற்கு அங்கே கொசு என்று சொன்னேன்.

அன்றைக்குத்தான் அந்தக் கேள்வியையும் கேட்டேன். "நெஜமா சொல்லு டாக்டர். நாளைக்கே கஃப்ர் லோஸைத் திருப்பிக் குடுத்துட்டா, போயி இருப்பியா?"

அவர் விதைத் தோல் ஒன்றை நாக்கிலிருந்து எடுத்து டின்னில் போட்டார்.

"போக மாட்டேன்," என்றார். "அங்க என்ன இருக்கு? எனக்குக் கடை இங்க. லமீஸ் இங்க. பால்கனியில நின்னா கடல் தெரியுது. அந்த மலையில போயி இந்த வயசுல கல்லு சுமக்கச் சொல்றியா? ஆனா யாராவது வந்து என்னைக் கேக்கணும், வாத்தியாரே. கதவைத் தட்டி, 'வஜீஹ், இது உங்க அப்பா வீடு, வர்றீங்களா?'னு ஒரு ஆளு கேக்கணும். கேட்டா, ஒரு காபி குடுத்து, வேண்டாம்னு நானே சொல்லிக்குவேன். எங்க அப்பாவை ஒருத்தனும் கேக்கல. அதுதான்யா. வேற ஒண்ணுமில்ல."

காரில் பேசியது காரிலேயே என்று நான் தலையாட்டினேன்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, யெஸ்ரயேல் பள்ளத்தாக்கில் ஒரு கிப்புத்ஸ். எங்கள் நாட்டில் வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு ஓய்வு பெற்றவர்களெல்லாம் அறிவு வளர்க்க வருவார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். பின்னால் ஒரு மேசையில் தூள் காபியும் பாலாடைக்கட்டி வைத்த அப்பங்களும். முதல் கை தூக்கலில் முக்கால்வாசிக் கை எனக்கு.

அன்றைக்கு வஜீஹ் என்றுமில்லாதபடி பேசினார். மனப்பாட வரி ஒன்றுகூட இல்லை. அவர் அப்பா ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஷஃபா அம்ரில் மொட்டை மாடி ஏறி, கஃப்ர் லோஸ் இருக்கிற பக்கம் பார்த்து நிற்பாராம். என்ன தெரியுது என்று கேட்டால், 'நம்ம வீட்டு வாதுமை மரம் பூத்திருக்கு' என்பாராம். அங்கிருந்து எதுவும் தெரியாது, நடுவில் ஒரு மலை இருக்கிறது என்று வஜீஹ் சொன்னார். கூடத்தில் கரண்டிச் சத்தம் கூட நின்றுவிட்டது. முன் வரிசையில் இந்தக் கிப்புத்ஸைக் கட்டிய தலைமுறையைச் சேர்ந்த ஒரு கிழவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

அப்புறம் கேள்வி நேரம். ஒரு வழுக்கைத் தலைக்காரர் எழுந்து, "இது கேள்வி இல்ல, ஒரு கருத்து" என்று ஐந்து நிமிடம் பேசி உட்கார்ந்தார். பிறகு அந்தக் கிழவி என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. இந்த மனுஷன் வந்து அந்த மலையில ஒரு வீடு கட்டிக்கிட்டா நமக்கு என்ன குடி முழுகிப் போகும்?"

பல தலைகள் ஆடின. எனக்குத் தூக்கிய கைகள் என்னை விட்டுப் போவது எனக்குத் தெரிந்தது. அறுபத்தோரு வயதில், நூற்றைம்பது பேர் முன்னால், தோற்கப் போகிறோம் என்றதும் எனக்குள் ஒரு அற்பப் பையன் எழுந்து நின்றான். நான் ஒலிபெருக்கியை எடுத்தேன்.

"அம்மா, இதே கேள்விய நானே இவரைக் கேட்டிருக்கேன். கஃப்ர் லோஸைக் குடுத்தா போவீங்களான்னு. என்ன சொன்னார் தெரியுமா? போக மாட்டேன்னார். கடை ஹைஃபாவுல, மக ஹைஃபாவுல, பால்கனியில கடல் தெரியுதாம். இந்த வயசுல அங்க போயி யாரு கல்லு சுமக்கறதுன்னு கேட்டார். வஜீஹ், சொன்னீங்களா இல்லையா?"

கூடம் சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். மனசிலிருந்த பாரம் இறங்கிய சிரிப்பு. கிழவி கூடச் சிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

ஸ்மதார் கடிகாரத்தைத் திருகி வஜீஹிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். பெர்லின் என்று ஒரு சொல் போதும். 'வேறு மண் கிடையாது என்று ஊர் ஊராகச் சொல்கிறாரே, இவர் மகன் எங்கே இருக்கிறான் என்று கேளுங்கள்' என்று ஒரே ஒரு வரி சொன்னால் நான் அந்த மேடையிலேயே முடிந்தேன். கடிகாரம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்தார்.

"வாத்தியார் சொன்னது உண்மைதான்," என்றார். "எனக்கு மூணு நிமிஷம் வேண்டாம்."

உட்கார்ந்துவிட்டார். கை தூக்கினார்கள். நான் ஜெயித்தேன்.

வெளியே வந்து காரைத் திறந்தேன். வஜீஹ் பின் கதவைத் திறந்து, டாக்ஸியில் ஏறுவது மாதிரி பின்னால் ஏறிக்கொண்டார். முன் இருக்கையில் விதைப் பொட்டலம் தனியாக வந்தது. வழியெல்லாம் நான்தான் பேசினேன். சூடான விவாதத்தில் அப்படி வந்துவிட்டது என்றேன், பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். கண்ணாடியில் பார்த்தால் அவர் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டு வாசலில் நிறுத்தியதும் இறங்கி, ஒரு கையைக் கதவில் வைத்தபடி குனிந்தார்.

"பாதிதான் சொன்ன," என்றார்.

கதவைச் சத்தமில்லாமல் மூடினார்.

கூட்டத்தில் யாரோ போனில் படம் பிடித்திருக்கிறார்கள். ஒரு நிமிடத் துண்டு. நான் கேட்கிறேன், கூடம் சிரிக்கிறது, அவர் 'உண்மைதான்' என்கிறார். இரண்டே நாளில் அது எங்கள் கலிலேயா வட்டாரம் முழுக்கச் சுற்றிவிட்டது. எங்கள் ஆட்கள் 'பாருங்கள், அவர்களே திரும்ப விரும்பவில்லை' என்று அனுப்பினார்கள். அவருடைய ஆட்கள் 'பாருங்கள், கடல் தெரிகிற பால்கனிக்கு அப்பனை விற்றவன்' என்று அனுப்பினார்கள். லெபனான் முகாமில் இருக்கும் அவருடைய பெரியப்பா மகன், எழுபது வருடமாகத் தகரக் கூரைக்கடியில் கிடக்கிறவன், அவருக்கு ஒரே வரி எழுதினானாம்: 'நீ போகாவிட்டால் போ, எனக்காகவும் ஏன் வேண்டாம் என்றாய்?'

நான் அவருக்கு ஆறு கடிதம் எழுதினேன். ஒன்றையும் அனுப்பவில்லை. ஓர்னா ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு மேசையில் போட்டாள்.

"மன்னிப்பு கேக்கச் சொன்னா இதுலயும் வாதாடி ஜெயிச்சு வெச்சிருக்க. அந்தாளு கிட்ட நேர்ல போ."

கடைக்குப் போனேன். கல்லாவில் லமீஸ் இருந்தாள். அப்பா இல்லை மாமா என்றாள். உள்ளே மருந்து அலமாரிக்குப் பின்னால் அவருடைய செருமல் கேட்டது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த செருமல்.

ஏப்ரலில் லமீஸே போன் செய்தாள். வருடா வருடம், நாங்கள் சுதந்திர நாள் என்று கறி சுடுகிற அதே நாளில், கஃப்ர் லோஸ்காரர்கள் எல்லாரும் குடும்பத்தோடு அந்த இடத்துக்குப் போய்ப் பாய் விரித்துச் சாப்பிட்டு, இறந்தவர்கள் பெயரைப் படித்துவிட்டு வருவார்கள். பதினேழு வருடமாகப் பெயர் படித்துப் பேசுகிறவர் வஜீஹ்.

"இந்த வருஷம் அப்பா பேசக் கூடாதுன்னு ஊர்க் கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க மாமா. வேற யாரோ படிக்கறாங்க. ஆனாலும் அப்பா வருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறார். உங்களுக்குத் தெரியணும்னு சொன்னேன். வாங்கன்னு சொல்லல."

நான் ராத்திரி பகலாக உட்கார்ந்து மூன்று நிமிடத்துக்கு ஒரு பேச்சு எழுதினேன். அவர் காரில் சொன்னதை முழுசாக, கேட்கணும் என்று அவர் சொன்னதையும் சேர்த்து. கடிகாரம் வைத்துப் படித்துப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

காட்டுக்குள் வண்டி வைக்க இடமில்லை. கீழ்ப் பக்கம் மர மேசைகளில் எங்கள் ஆட்கள் கொடி கட்டி, கரி மூட்டி, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மேலே, கிணற்றுக்கு அந்தப் பக்கம், பாய்கள் விரித்திருந்தன. யாரோ ஒரு இளம்பெண் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தாள். வஜீஹ் கூட்டத்தோடு இல்லை. தள்ளி, அந்தப் பாதிச் சுவரின் அடிக்கல்லில் தனியாக உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு தட்டில் பச்சை வாதுமைக் காயும் உப்பும். இளைத்திருந்தார். என்னைப் பார்த்தும் எழவில்லை.

நான் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன்.

"என்னது அது?"

"மூணு நிமிஷம் டாக்டர். இவங்க முன்னாடி முழுசா சொல்லிடறேன். நீ சொன்னது என்னன்னு."

"சொல்லி?"

"உன் பேரு..."

"ஒரு யூத வாத்தியார் வந்து வஜீஹ் நல்லவன்தான்னு சான்றிதழ் குடுக்கணும், அதையும் இன்னிக்கு, இங்க. இருக்கற மானத்தையும் வாங்கிட்டுப் போகலாம்னு வந்தியா? உள்ள வை."

உள்ளே வைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை பேசுவது. அது அவருக்கு எந்த விதத்திலும் உதவாது என்பது அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பெயர் படிப்பது அவர் அப்பா பெயர் வரை வந்துவிட்டது. வஜீஹ் தலை குனிந்து அதைக் கேட்டார். அந்தப் பெண் அவர் குடும்பப் பெயரைத் தடுமாறிப் படித்தாள். அவர் உதடு மட்டும் சரியாகச் சொன்னது.

"தப்பு பண்ணிட்டேன்," என்றேன். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான்.

அவர் தலையசைத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவருக்குப் பக்கத்தில், வெயில் படாத கல் ஒன்று காலியாக இருந்தது. எத்தனையோ வருடம் நான் கறித் தட்டோடு உட்கார்ந்த கல். அப்போதெல்லாம் யாரையும் எதுவும் கேட்டதில்லை.

"டாக்டர், நான் இங்க கொஞ்ச நேரம் உக்காரலாமா?"

வஜீஹ் நிமிர்ந்தார். அன்றைக்கு முதன்முறையாக என் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

"கேக்கறியா?"

"கேக்கறேன்."

அவர் சுவரைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். கல்லை ஒரு கையால் தடவினார்.

"வேண்டாம்," என்றார்.

குரலில் கோபம் இல்லை. வீட்டுக்காரர் ஒருவர் வாசலில் நின்று சொல்கிற மாதிரிதான் இருந்தது. பிறகு தட்டிலிருந்து ஒரு பிடி பச்சை வாதுமையை அள்ளி, கொஞ்சம் உப்பைத் தூவி, என் கையில் கொடுத்தார். வந்தவனை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

அதன்பிறகு நாங்கள் சேர்ந்து எந்த மேடையும் ஏறவில்லை. இப்போது, புதிதாக வெடித்த இந்தப் போருக்குப் பிறகு, அப்படி ஒரு மேடை போடவும் ஆள் இல்லை, வந்து உட்காரவும் ஆள் இல்லை. ஸ்மதார் அந்தக் கடிகாரத்தைச் சமையலறைக்கே எடுத்துப் போய்விட்டதாகச் சொன்னாள்.

அன்று நான் கையை மூடிக்கொண்டு கீழே இறங்கினேன். மர மேசைகளைத் தாண்டும்போது, கரி விசிறிக்கொண்டிருந்த ஒரு முகம் தெரியாத மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனிதர், நெற்றியெல்லாம் வியர்வை.

"தனியாவா வந்தீங்க? வாங்க சார், உக்காருங்க. எடம் நிறைய இருக்கு."

அந்த மேசை போட்ட இடம் யாருடைய வீடு என்று எனக்குத் தெரியாது. யாருடையதோ ஒன்று என்று மட்டும் தெரியும். நின்றபடியே நன்றி சொல்லிவிட்டு, காரை நோக்கி நடந்தேன்.